மிச்சம் எங்கே?

(சபையின் ஆண்டு நிறைவுக் குடும்ப மாலையில் ஆற்றிய உரை)



'வேலையும் வீடும் பேச்சும்' என்ற தலைப்பில் 15 நிமிடம் பேசும்படி செயலாளர் கேட்டார். எனக்குப் பிரசங்கம் செய்ய வராது. ஆகவே தெரிந்த ஒன்றைப் பற்றியே பேசுகிறேன், என் தொழிலைப் பற்றி.

உங்களில் பலருக்குத் தெரியும், நான் மொழிபெயர்ப்பாளன். எழுத்தில் அல்ல, வாயால். வைத்தியசாலை, நீதிமன்றம், அகதி விசாரணை, பாடசாலை என்று கூப்பிடுகிற இடமெல்லாம் போய், ஒருவர் சொல்வதை மற்றவருக்குச் சொல்வது. அதற்கு முன் 11 வருடம் ஸ்காபரோவில் வாகன உதிரிப்பாகத் தொழிற்சாலை ஒன்றில் இரவு வேலை. அங்கே இயந்திரச் சத்தத்தில் யாரும் யாரோடும் கதைக்க முடியாது. இப்போது கதைப்பதற்கே சம்பளம் தருகிறார்கள்.

வேதாகமத்தில் என் தொழில்காரன் ஒருவன் இருக்கிறான். பெயர் இல்லாதவன். ஆதியாகமம் 42-ஆம் அதிகாரத்தில், தானியம் வாங்க எகிப்துக்கு வந்த சகோதரரோடு யோசேப்பு நேராகப் பேசவில்லை. நடுவில் ஒருவனை வைத்துப் பேசினான். நம்முடைய பழைய மொழிபெயர்ப்பு அவனைத் துபாசி என்கிறது. இரண்டு பாஷை தெரிந்தவன். புதுச்சேரியில் டூப்ளே என்ற பிரெஞ்சு ஆளுநரிடம் வேலை பார்த்து, நாட்குறிப்பும் எழுதி வைத்த ஆனந்தரங்கப் பிள்ளையும் ஒரு துபாசிதான். ஆதியாகமத்துத் துபாசியின் நிலைமை சங்கடமானது. அந்தச் சகோதரர்கள் தங்களுக்குள் கதைத்ததெல்லாம் யோசேப்புக்கு முன்னமே விளங்கிவிட்டது. அவன் ஒதுங்கிப் போய் அழுதான். நடுவில் நின்ற மனிதனுக்கு அங்கே என்ன நடக்கிறது என்று தெரிந்திருக்குமா? அந்த அதிகாரத்தை வாசிக்கும்போதெல்லாம் நான் அவனைத்தான் நினைப்பேன்.

எங்கள் தொழிலுக்குச் சில சட்டங்கள் உண்டு. ஒருவர் "எனக்கு நெஞ்சு நோகுது" என்றால், "அவருக்கு நெஞ்சு நோகிறதாம்" என்று நான் சொல்லக் கூடாது. "எனக்கு நெஞ்சு நோகிறது" என்றே சொல்ல வேண்டும். அவருடைய 'நான்'தான் என் வாயிலும் 'நான்'. கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. கோபமாகச் சொன்னால் கோபம் தெரிய வேண்டும். தூஷண வார்த்தை வந்தால் அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஞாயிறு பாடசாலையில் படிப்பித்துக்கொண்டிருந்த காலத்தில் முதல் தடவை அதைச் செய்த நாளை நான் மறக்க மாட்டேன். நடுவில் நின்று புத்தி சொல்லக் கூடாது. அறையில் கேட்டதை அறையிலேயே விட்டு வர வேண்டும். ஆகவே இன்றைக்கு வேறு யாருடைய கதையும் என்னிடமிருந்து உங்களுக்குக் கிடைக்காது. என் சொந்தக் கதைதான்.

இந்தச் சட்டங்கள் ஏன் இருக்கின்றன என்று நான் படித்தது வகுப்பில் அல்ல. 1993-இல் இந்த நாட்டுக்கு வந்து, பிறகு என் அகதி விசாரணைக்குப் போனபோது எனக்கு ஆங்கிலம் பேச வராது. கிளாலிக் கடலேரியை இரவில் வள்ளத்தில் கடந்தோம் என்று சொன்னேன். நடுவில் இருந்தவர் வள்ளத்தைக் கப்பலாக்கிவிட்டார். கப்பலில் எத்தனை பேர் என்று கேட்டார்கள். 15 பேர் என்றேன். தண்ணீர் எவ்வளவு ஆழம் என்று கேட்டார்கள். கரைப்பக்கம் இடுப்பளவு, இறங்கி நடந்தோம் என்றேன். இடுப்பளவு தண்ணீரில் 15 பேரோடு ஓடிய கப்பலை யார் நம்புவார்கள்? என் எழுத்து வாக்குமூலத்தில் படகு என்று இருப்பதை வழக்கறிஞர் எடுத்துக் காட்டியதால் தப்பினேன். ஒரு சொல்லில் நான் திரும்பிப் போயிருக்க வேண்டியவன்.

சொற்களின் கூத்து இன்னும் இருக்கிறது. பரிசோதனை முடிவு 'பொசிட்டிவ்' என்று டொக்டர் சொன்னால், "பொசிட்டிவ் எண்டால் நல்லதுதானே" என்று சிரிக்கிற ஆட்கள் நாங்கள். வயிற்றெரிச்சல் என்றால் வயிறும் எரியலாம், பக்கத்து வீட்டுக்காரன் புது வீடு வாங்கியும் இருக்கலாம். மனச்சோர்வு என்ற சொல் அகராதியில் இருக்கிறது. எங்கள் ஆச்சிமார் அப்படிச் சொல்வதில்லை. "நெஞ்சுக்குள்ள அடைச்ச மாதிரி இருக்கு" என்பார்கள். அதை அப்படியே சொன்னால் டொக்டர் இருதயத்துக்குப் பரிசோதனை எழுதுவார். இலங்கையில் நாங்கள் சதையி என்று படித்த உறுப்பைத் தமிழ்நாட்டுச் சகோதரர்கள் கணையம் என்பார்கள். அந்தச் சொல்லுக்குப் பிறகு வருகிறேன்.

வேலைத்தலத்தில் இவ்வளவு கவனம். வீட்டில்?

அந்த 11 வருடமும் எனக்கு இரவு வேலை, மனைவிக்கு முதியோர் இல்லத்தில் பகல் வேலை. நான் படியேறும்போது அவ படியிறங்குவா. எங்கள் பேச்சு முழுவதும் குளிர்சாதனப் பெட்டியின் கதவில், காந்தம் குத்திய தாளில் நடந்தது. 'கறி உள்ளே. மகனுக்குக் காய்ச்சல் மருந்து 2 மணிக்குக் குடுத்தாச்சு. வாடகைக் காசோலை எழுதவும்.' வீடு மாறும்போது ஒரு பிஸ்கட் டின்னுக்குள் அந்தத் தாள்களில் நாற்பது ஐம்பது கிடந்தன. ஒன்றில் மட்டும், கறி விவரத்துக்குக் கீழே, 'குளிருது, தொப்பி போட்டுக்கொண்டு போங்கோ' என்று எழுதியிருந்தது. அவற்றை யார் எடுத்து வைத்தது என்று கேட்டால் இன்றைக்கும் இரண்டு பேரும் மற்றவரைத்தான் காட்டுவோம்.

ஊரோடு கதைப்பது இதைவிடக் கஷ்டம். யாழ்ப்பாணத்துக்குத் தொலைபேசி இல்லாத காலம். அம்மா கொழும்புக்கு வந்தால்தான் குரலைக் கேட்கலாம். தமிழ்க் கடையில் 5 டொலருக்கு அட்டை வாங்கி, சுரண்டி, இலக்கங்களை அடித்து முடித்தால், இத்தனை நிமிடம் இருக்கிறது என்று ஒரு பெண்குரல் சொல்லும். அழுகை வரும் நேரம் பார்த்து, இன்னும் ஒரு நிமிடம்தான் என்று திரும்பவும் சொல்லும். அதனால் எல்லோரும் ஒரே விதமாகக் கதைக்கப் பழகிவிட்டோம். சுகமோ? சுகம். காசு வந்ததோ? வந்தது. சாப்பிட்டியோ? சாப்பிட்டன். கெட்ட செய்தியை யாரும் அட்டையில் சொல்வதில்லை. அங்கே ஷெல் விழுந்ததை அவர்கள் எனக்குச் சொல்லவில்லை. இங்கே 3 மாதம் வேலையில்லாமல் இருந்ததை நான் அவர்களுக்குச் சொல்லவில்லை. அன்பினால்தான் அப்படிச் செய்தோம். பிறகு அட்டைகள் போய்விட்டன. இன்றைக்குக் காசில்லாமல் மணிக்கணக்கில் முகம் பார்த்துக் கதைக்கலாம். கதை மட்டும் இன்னும் அட்டைக் கதையாகவே இருக்கிறது.

அம்மா எங்களோடு வந்து இருந்தது 6 வருடம். ஆறாவது வருடத்தின் மார்கழியில் சாப்பாடு இறங்கவில்லை, கண் மஞ்சளாகியது. பரிசோதனைகள் முடிந்து முடிவு சொல்லக் கூப்பிட்டார்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று தாதி கேட்டார். தேவையில்லை, நானே அதே தொழில்தான் என்றேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். சொந்தக் குடும்பத்துக்கு மொழிபெயர்க்காதே என்பதும் எங்கள் தொழிலில் சொல்லித் தருகிற பாடம்.

டொக்டர் இளம் பெண். நல்ல பிள்ளை. அம்மாவைப் பார்த்துத்தான் பேசினார், என்னைப் பார்த்து அல்ல. தாளில் படம் கீறிக் காட்டினார். சதையியில் புற்றுநோய், ஈரலுக்கும் போய்விட்டது, வெட்டி எடுக்க முடியாது, மருந்து ஏற்றினால் நோ கொஞ்சம் குறையலாம், காலமும் சற்றுக் கூடலாம், ஆனால் மாதக்கணக்குத்தான் என்றார். பத்து நிமிடம் போயிருக்கும். பிறகு என்னைப் பார்த்தார். நான் அம்மாவிடம் சொன்னது இவ்வளவுதான்: "வயித்துக்குள்ள சின்னக் கட்டி ஒண்டு இருக்காம் அம்மா. மருந்து தருவினமாம்."

'இருக்காம்', 'தருவினமாம்'. ஐந்து வருடம் வாயில் வராமல் காத்த அந்த 'ஆம்', அன்றைக்கு இரண்டு தரம் வந்தது.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. டொக்டருக்குக் கைகூப்பினா. மின்தூக்கியில் பேசவில்லை. நிலத்தடி வாகனத் தரிப்பிடத்தில் காருக்குள் ஏறி, பட்டியைப் போட்டுக்கொண்டு, முன்னால் இருந்த சுவரைப் பார்த்தபடி கேட்டா:

"தம்பி, அந்தப் பிள்ளை பத்து நிமிசம் கதைச்சவ. படமும் கீறினவ. நீ ரெண்டு வசனத்தில முடிச்சுப்போட்டாய். மிச்சம் எங்க?"

அவ்வளவுதான் அம்மா என்றேன்.

"நான் முப்பது வருசம் பள்ளிக்கூடத்தில படிப்பிச்சனான். பாடத்தைப் பாதியில விழுங்கிற பெடியனை எனக்குத் தெரியாதே?"

அதற்குப் பிறகு சொன்னேன். இந்தத் தடவை தொழில்காரனாகச் சொன்னேன். கூட்டவில்லை, குறைக்கவில்லை. டொக்டரின் இடத்தில் நின்று, "உங்களுக்கு" என்று தொடங்கி, படத்தையும் மடியில் வைத்துக் காட்டிச் சொன்னேன். என் குரல் நடுங்கியது. அது டொக்டரின் குரலில் இல்லாதது, அந்த அளவுக்கு நான் கூட்டியதாகத்தான் சொல்ல வேண்டும். அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டா. "பனி கரைய முந்தியோ, பிந்தியோ?" டொக்டர் சொன்ன கணக்கைச் சொன்னேன். கொஞ்ச நேரம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தா. பிறகு, "சரி, வெளியில எடு. நிண்டால் காசு ஓடும்" என்றா.

அன்றிரவே சின்னம்மாவுக்கு எடுத்துத் தரச் சொன்னா. சின்னம்மா அம்மாவின் கடைசித் தங்கை, ஊரில் இருக்கிறா. ஒரு பங்குக் கிணற்றால் வந்த சண்டையில் 14 வருடமாக இருவரும் கதைக்கவில்லை. கிணற்றுப் பங்கு என்றால் யாழ்ப்பாணத்தாருக்கு நான் விளக்கத் தேவையில்லை. மணி அடித்தது, சின்னம்மா எடுத்தா, ஒருவரும் பேசவில்லை. அம்மா "நான்தான்" என்று மட்டும் சொன்னா. நான் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அதன் பிறகு ஒவ்வொரு நாளும் கதைத்தார்கள். சிரிப்புச் சத்தமும் கேட்கும், சண்டைச் சத்தமும் கேட்கும். யாருக்கு எந்தச் சேலை, அடக்க ஆராதனையில் எந்தப் பாட்டு, எந்தப் பாட்டு வேண்டாம் என்று எல்லாம் அம்மாவே சொல்லி வைத்தா. பேரனோடு தன் அரைகுறை ஆங்கிலத்தில் கதைப்பா, அவன் தன் அரைகுறைத் தமிழில் பதில் சொல்வான். பனி கரைந்து இரண்டு கிழமையில் போய்விட்டா.

நான் அந்த இரண்டு வசனத்தோடு நின்றிருந்தால் அம்மா கிணற்றுச் சண்டையோடுதான் போயிருப்பா. நினைத்தால் இப்போதும் கை குளிர்கிறது.

எல்லோருக்கும் எல்லாவற்றையும் சொல்லியே தீர வேண்டும் என்று நான் சட்டம் போடவில்லை. "எனக்குச் சொல்லாதேங்கோ, மகளுக்குச் சொல்லுங்கோ" என்று கேட்கிற பெரியவர்களும் உண்டு. அது அவர்களுடைய உரிமை. நான் அம்மாவைக் கேட்கவேயில்லை. அவவுக்கு எது தாங்கும் என்பதை நானே தீர்மானித்தேன்.

பிள்ளைகளே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. அம்மம்மாவோடும் அப்பப்பாவோடும் டொக்டரிடம் போகிறவர்கள் நீங்கள்தான். தடிமன் காய்ச்சலுக்குப் போனால் சரி. பெரிய விஷயம் என்றால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று வைத்தியசாலையில் கேளுங்கள். தொலைபேசியிலாவது ஒருவரைப் பிடித்துத் தருவார்கள். நீங்கள் பேரப்பிள்ளையாகவே பக்கத்தில் இருந்து கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். 12 வயதில் ஒரு பிள்ளை தன் தாய்க்குப் புற்றுநோய் என்று சொல்ல வேண்டி வரக் கூடாது.

பெற்றோருக்கு நெகேமியாவின் புத்தகத்தைக் காட்ட விரும்புகிறேன். 13-ஆம் அதிகாரத்தில், யூதருடைய பிள்ளைகள் பாதி அந்நிய பாஷை பேசுகிறார்கள், சொந்தப் பாஷை வரவில்லை என்று நெகேமியா கண்டார். நம்முடைய பிரச்சினைதான். கோபத்தில் அவர் தகப்பன்மாரை அடித்து மயிரைப் பிய்த்தார் என்று எழுதியிருக்கிறது. ஸ்காபரோவில் அப்படிச் செய்தால் பொலிஸ் வரும். எனக்குப் பிடித்தது அதே புத்தகத்தின் 8-ஆம் அதிகாரம். எஸ்றா நியாயப்பிரமாணத்தை வாசிக்கிறார், லேவியர்கள் கூட்டத்துக்குள் நின்று ஜனங்களுக்கு விளங்கும்படி அர்த்தம் சொல்கிறார்கள். விளங்கியதும் ஜனங்கள் அழுதார்கள். அப்போது கிடைத்த கட்டளை, அழ வேண்டாம், போய்ச் சாப்பிடுங்கள், இல்லாதவர்களுக்கும் அனுப்புங்கள் என்பது.

என் மகன் இப்போது வேலைக்குப் போகிறான், வேறு நகரத்தில் இருக்கிறான். ஞாயிறு பின்னேரம் எடுப்பான். வேலை எப்படி மகன்? "ஃபைன், அப்பா." சாப்பிட்டியா? "யா." அதே அட்டைக் கதை. போன மாதம் ஒரு நாள் அந்த 'ஃபைன்' என்ற சொல் எனக்குச் சரியாகப் படவில்லை. "மிச்சம் எங்க?" என்று கேட்டேன். அப்பம்மாவின் கதை அவனுக்குத் தெரியும். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு ஆங்கிலத்தில் தொடங்கினான், நடுவில் தமிழுக்கு வந்தான், திரும்பவும் ஆங்கிலத்துக்குப் போனான். 40 நிமிடம் கதைத்தான். நான் ஒரு புத்தியும் சொல்லவில்லை. என்ன கதைத்தான் என்று உங்களுக்குச் சொல்ல மாட்டேன். அறையில் கேட்டது அறையிலேயே.

செயலாளர் மணிக்கூட்டைக் காட்டுகிறார். கீழே மண்டபத்தில் பெண்கள் ஐக்கியத்தினர் சமைத்த சோறும் கறியும் ஆறிக்கொண்டிருக்கிறது. இன்றைக்கு வர முடியாமல் வீட்டில் இருக்கிற பெரியவர்களுக்குக் கட்டிக் கொடுக்கப் பெட்டிகளும் வாங்கி வைத்திருக்கிறார்கள். வாகனம் உள்ளவர்கள் போகிற வழியில் ஒரு பெட்டியைக் கொண்டுபோய்க் கொடுங்கள். வாசலில் வைத்துவிட்டு ஓடி வராமல், உள்ளே போய் ஐந்து நிமிடம் இருந்துவிட்டு வாருங்கள்.