பிள்ளையின் பெயரில் வரும் பணம்

குடும்ப நல ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்





ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம், அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ள பிள்ளைகள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களுக்கு 18 வயதாகும்போது, இங்கிலாந்தில் இருக்கும் நமக்குச் சட்டம் தந்திருக்கிற ஒரு வழியைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன். அதன் பெயர் பேர்சனல் பட்ஜெட், அதாவது தனிநபர் பட்ஜெட். அந்தத் தொகையைப் பணமாகவே கையில் எடுத்து நாமே உதவியை ஒழுங்கு செய்வதற்கு டைரக்ட் பேமெண்ட், நேரடிக் கொடுப்பனவு என்று சொல்வார்கள்.

இந்தச் சொற்கள் பலருக்குத் தெரியும். கவுன்சில் கடிதத்தில் பார்த்திருப்பீர்கள். ஆனால் 'அது பெரிய தலையிடி, கணக்கு வழக்கு, நமக்கு வேண்டாம்' என்று கடிதத்தை மூடி வைத்துவிடுகிறோம். எதை மூடி வைக்கிறோம் என்று தெரிந்துகொண்டு முடிவெடுப்போம் என்பதே என் வேண்டுகோள்.

முதலில் இது எப்படி வந்தது என்று பார்ப்போம். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, இயலாமை உள்ளவருக்குக் கவுன்சில் சேவையைக் கொடுக்கலாம், பணத்தைக் கொடுக்க முடியாது. யார் வருவார், எத்தனை மணிக்கு வருவார், எந்த நிலையத்துக்கு அனுப்புவார்கள் என்பதெல்லாம் அலுவலகத்தில் தீர்மானமாகும். 1980களின் தொடக்கத்தில் ஹாம்ப்ஷயரில் லெ கோர்ட் என்ற பராமரிப்பு இல்லத்தில் இருந்த சிலர், 'எங்களை இங்கே வைத்திருக்கச் செலவாகும் பணத்தில் நாங்களே உதவியாளரை வைத்துக்கொண்டு வெளியே வாழ்கிறோம்' என்று கேட்டார்கள். பேசிப் பேசி அதிகாரிகளை இணங்க வைத்தார்கள். இப்படிப்பட்ட போராட்டங்களின் பலனாக 1996இல் நேரடிக் கொடுப்பனவுச் சட்டம் வந்தது.

ஆனால் அதில் நம் பிள்ளைகள் பலருக்குக் கதவு திறக்கவில்லை. பணத்தைப் பெற்றுக்கொள்ளச் சம்மதம் தெரிவிக்க இயலாதவருக்கு அது கிடைக்காது என்றிருந்தது. 2009இல்தான் அவர் சார்பில் தகுந்த ஒருவர் அதைப் பெற்று நடத்தலாம் என்று விதி மாறியது. பிறகு வந்த 2014ஆம் ஆண்டுப் பராமரிப்புச் சட்டம், கெயார் அக்ட், 2015 ஏப்ரலில் இருந்து நடைமுறையில் இருக்கிறது. உதவி பெறத் தகுதியான ஒவ்வொருவரின் திட்டத்திலும் தனிநபர் பட்ஜெட் எவ்வளவு என்று எழுதியே ஆக வேண்டும் என்று அது சொல்கிறது.

நடைமுறை இப்படித்தான் போகும். முதலில் மதிப்பீடு. பிள்ளைக்கு எதில் உதவி தேவை என்று சோஷல் வேர்க்கர் வந்து கேட்பார். இங்கே நம் தாய்மார்கள் செய்வதைச் சொல்கிறேன். வீட்டைக் கூட்டித் துடைத்து, தேநீரும் பலகாரமும் வைத்து, 'அல்ஹம்துலில்லாஹ், பிள்ளை நல்லாத்தான் இருக்கிறான், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். பொறுமை நல்ல குணம்தான். ஆனால் மதிப்பீட்டில் இரவில் எத்தனை தடவை எழும்புகிறீர்கள், தனியாகக் குளிக்க வைக்க முடிகிறதா, வீதியில் ஓடிவிடுகிறானா என்று உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். நீங்கள் சொல்லாத தேவைக்கு எவரும் தொகை எழுதமாட்டார்கள். உங்கள் சொந்தக் களைப்பைப் பற்றியும் தனியாக ஒரு மதிப்பீடு கேட்கலாம். பராமரிப்பவருக்கும் சட்டத்தில் அந்த உரிமை உண்டு.

மதிப்பீட்டுக்குப் பிறகு திட்டமும் தொகையும் வரும். அந்தத் தொகை, ஏற்றுக்கொள்ளப்பட்ட தேவைகளைப் பூர்த்தி செய்யப் போதுமானதாக இருக்க வேண்டும் என்பது சட்டம். அதை எப்படிப் பயன்படுத்துவது என்பதில் பல வழிகள் உண்டு. கவுன்சிலே எல்லாவற்றையும் ஒழுங்கு செய்யலாம். பணத்தை நீங்கள் வாங்கி நடத்தலாம். பாதி அப்படி, பாதி இப்படி என்றும் வைக்கலாம். பணத்தை ஒரு தாபனம் கணக்கு வைத்து நடத்த, தீர்மானம் மட்டும் உங்கள் பக்கம் இருக்கும்படியும் செய்யலாம். கணக்கு எழுதத் தெரியாது என்பதற்காக மட்டும் இந்த வழியை விட்டுவிட வேண்டியதில்லை.

கவுன்சில் ஒரு வசதிப் பரிசோதனையும் செய்யும். பிள்ளை 18 வயதைத் தாண்டியவர் என்றால் அதில் பார்ப்பது பிள்ளையின் சொந்த வருமானமும் சேமிப்பும்தான், உம்மா வாப்பாவின் சம்பளம் அல்ல. பிள்ளையின் பெயரில் 23,250 பவுணுக்கு மேல் சேமிப்பு இருந்தால் பெரும்பாலும் செலவை முழுதாக அவரே ஏற்க வேண்டி வரும். ஆகவே பிள்ளையின் பெயரில் பணம் போடுவதற்கு முன்னும், வாரிசுப் பங்கை எப்படி வைப்பது என்று தீர்மானிப்பதற்கு முன்னும், இந்தத் துறை தெரிந்த வழக்கறிஞரிடம் கேளுங்கள். நேரடிக் கொடுப்பனவு வருமானமாகக் கணக்கிடப்படாது. அதனால் மற்ற அரச உதவிப் பணம் குறையாது.

ஓர் உதாரணத்துக்கு, நான் கற்பனையாகச் சொல்கிற ஒரு மகனை எடுத்துக்கொள்வோம். வயது 23. ஆட்டிசம் உள்ளவர். அதிகம் பேசமாட்டார். வாரத்துக்கு 14 மணித்தியால உதவி என்று தீர்மானமாகியிருக்கிறது. கவுன்சில் ஒழுங்கு செய்தால் அவர் ஒரு பகல்நேர நிலையத்துக்குப் போகலாம். அங்கே சத்தம். அவர் காதைப் பொத்திக்கொண்டு மூலையில் இருந்துவிட்டு வருவார். அதே 14 மணித்தியாலத்தை இப்படியும் வைக்கலாம். வெள்ளிக்கிழமை 3 மணித்தியாலம்: ஓர் இளைஞர் அவரை ஜும்ஆவுக்கு அழைத்துப் போகிறார், வுழூச் செய்ய உதவுகிறார், சனம் குறைந்த பக்கத்தில் கூட இருக்கிறார். செவ்வாய் 3 மணித்தியாலம் நீச்சல். வியாழன் 4 மணித்தியாலம் பஸ்ஸில் போகப் பழகுவதும் கடையில் சாமான் வாங்குவதும். சனி 4 மணித்தியாலம் வீட்டில் சமைக்கப் பழகுவது. உதவிக்கு வருபவர் ஹலால் எது என்று தெரிந்தவர், தமிழ் பேசுபவர். பெண் பிள்ளையாக இருந்தால் குளிக்க வைக்க வருபவர் பெண்ணாகவே இருப்பார். இவையெல்லாம் திட்டத்தில் எழுதப்பட்டு ஏற்றுக்கொள்ளப்பட்டிருக்க வேண்டும். எழுதுவிக்க வேண்டியது நாம்.

யாரை வேலைக்கு வைக்கலாம்? ஒரே வீட்டில் வாழும் நெருங்கிய உறவினருக்கு, அவசியம் என்று கவுன்சில் ஒப்புக்கொண்டால் தவிர, பராமரிப்புக்காகச் சம்பளம் கொடுக்க முடியாது. ஆனால் வேறு வீட்டில் இருக்கும் சாச்சியை, மாமியை, ஒன்றுவிட்ட ராத்தாவை வைக்கலாம். உறவினர் என்றாலும் வேலை வேலைதான். எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். சட்டப்படியான ஆகக் குறைந்த சம்பளத்துக்குக் கீழே போகக் கூடாது. சம்பளத்துடன் வருடத்துக்கு 5.6 வார விடுமுறை உண்டு. வாரம் 14 மணித்தியாலம் வேலை செய்பவருக்கு அது 78 மணித்தியாலத்துக்குச் சற்று அதிகம். தொழில் தருநர் காப்புறுதி, வரிப் பதிவு, ஓய்வூதிய விதிகள் என்று இன்னும் சில கடமைகள் இருக்கின்றன. சம்பளப் பட்டியல் தயாரித்துத் தரும் சேவைகள் உண்டு. அந்தச் செலவும், விடுமுறைச் சம்பளமும், காப்புறுதியும் தொகைக்குள் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று ஒப்பமிடும் முன்பே கேளுங்கள். மணித்தியாலக் கணக்கை மட்டும் பார்த்துவிட்டு ஒப்பமிடுபவர்கள் வருட நடுவில் திண்டாடுகிறார்கள்.

சிரமங்களையும் மறைக்கக் கூடாது. நல்ல உதவியாளர் கிடைப்பது இலகுவல்ல. அவர் சுகவீனமானால் மாற்று ஆள் தேட வேண்டியது நாம். கவுன்சில் தரும் மணித்தியால விகிதம் ஏஜென்சி கேட்கும் விகிதத்துக்குப் போதாமல் போவதும் உண்டு. ஒத்துவராவிட்டால் கவுன்சில் ஒழுங்கு செய்யும் முறைக்கே திரும்பலாம். தேவை இருக்கும்வரை உதவி பெறும் உரிமை இழக்கப்படாது.

இனி, நான் சொல்ல வந்த முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

இந்தப் பணம் அமானிதம். இது வீட்டுப் பணம் அல்ல. மின்சார பில்லுக்கோ, வீட்டு வாடகைக்கோ, ஊருக்கு அனுப்பவோ எடுக்க முடியாது. தனிக் கணக்கில் வைத்து, ரசீதும் நேரப் பதிவும் சேர்த்து, கேட்கும்போது காட்ட வேண்டும். இது எல்லோருக்கும் விளங்கும். ஆனால் அமானிதத்தில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. பணம் பிள்ளையுடையது என்றால், அது எதற்கு என்ற தீர்மானத்திலும் பிள்ளைக்குப் பங்கு இருக்க வேண்டும்.

நாம் என்ன செய்கிறோம்? அன்பினால் எல்லாவற்றையும் நாமே தீர்மானித்து விடுகிறோம். சோஷல் வேர்க்கர் பிள்ளையிடம் கேள்வி கேட்டால் வாப்பா பதில் சொல்கிறார். 2005ஆம் ஆண்டு மனத்திறன் சட்டம் 16 வயதிலிருந்தே பொருந்தும். ஒருவருக்குத் தீர்மானிக்க முடியாது என்று நிரூபிக்கும்வரை முடியும் என்றே கொள்ள வேண்டும், முடிவெடுக்க எல்லா உதவியும் முதலில் செய்ய வேண்டும் என்கிறது அது. வார்த்தையில் சொல்ல முடியாத பிள்ளைக்குப் படம் காட்டலாம். இரண்டு இடங்களுக்கு அழைத்துப் போய் எங்கே முகம் மலர்கிறது என்று பார்க்கலாம். உதவிக்கு வர விரும்புபவர் ஒரு மணித்தியாலம் வீட்டில் இருக்கட்டும், பிள்ளை அவர் பக்கத்தில் போகிறதா விலகுகிறதா என்று கவனிக்கலாம். அதுவும் பிள்ளையின் பதில்தான். உண்மையிலேயே தீர்மானிக்க முடியாத விஷயத்தில்கூட, நமது வசதிக்கு அல்ல, பிள்ளையின் நன்மைக்கு எது என்று பார்த்தே முடிவெடுக்க வேண்டும்.

இதில் ஏன் இவ்வளவு அழுத்தமாகப் பேசுகிறேன்? நமக்குப் பிறகு என்ன என்ற கேள்வி இங்கே இருக்கும் ஒவ்வோர் உம்மாவின் நெஞ்சிலும் இருக்கிறது. உம்மாவின் கையால் மட்டுமே சாப்பிட்டு, உம்மாவோடு மட்டுமே வெளியே போய்ப் பழகிய 40 வயதுப் பிள்ளைக்கு, உம்மா இல்லாத நாளில் எல்லாமே ஒரே நாளில் மாறிவிடும். முன்பின் தெரியாதவர்கள் வந்து அவருக்காகத் தீர்மானிப்பார்கள். மாறாக, 20 வயதிலிருந்தே இன்னொரு கையின் உதவியை ஏற்கப் பழகியவர், தனக்கு எது பிடிக்கும் என்று காட்டத் தெரிந்தவர், அதையெல்லாம் எழுத்தில் வைத்திருக்கும் ஒரு திட்டம் உடையவர், அந்த நாளைத் தாங்குவார், இன்ஷா அல்லாஹ். மற்றவர் உதவியை ஏற்பதால் உங்கள் பாசத்தில் குறை வந்துவிடாது.

முடிவாக, வீட்டுக்குப் போனதும் செய்யக்கூடியவை சில. மதிப்பீடு நடக்காவிட்டால் கவுன்சிலுக்கு எழுத்தில் கேளுங்கள். பிள்ளைக்கு இன்னும் 18 ஆகவில்லை என்றால், வளர்ந்தவர் சேவைக்கு மாறுவதற்கான மதிப்பீட்டை முன்கூட்டியே கேட்கலாம். தொகை எப்படிக் கணக்கிடப்பட்டது என்று விபரம் கேளுங்கள். ஆங்கிலம் சிரமம் என்றால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். வீட்டுப் பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். தேவைகள் மாறினால் வருடாந்த மீளாய்வு வரை காத்திருக்க வேண்டாம். தீர்மானம் அநியாயமாகத் தெரிந்தால் முதலில் கவுன்சிலிடம் முறைப்பாடு செய்யுங்கள். அதிலும் தீராவிட்டால் உள்ளூராட்சி மற்றும் சமூகப் பராமரிப்பு ஒம்புட்ஸ்மனிடம் செலவில்லாமல் போகலாம்.

கடிதத்தை வெளியே எடுங்கள். பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசியுங்கள். விளங்காததைக் கொண்டு வந்து கேளுங்கள், சேர்ந்து பார்ப்போம்.

அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குக் கண்ணியமான வாழ்வையும், நமக்கு அந்த அமானிதத்தைப் பேணும் ஆற்றலையும் தருவானாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.