நடைவழிப் பலகையும் நற்றமிழும்

(தமிழ்மன்றக் கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரை)



ஓர் ஊரின் மொழி யாது என்று அறிய அவ்வூர் நூலகத்திற்குச் செல்ல வேண்டுவதில்லை. அதன் கடைத்தெருவில் கால்மணி நேரம் நடந்தால் போதும். ஆனால், நடக்க இடம் வேண்டுமே! நடைவழி என்று கல்பாவிக் கட்டிய மேடையின்மேல் கடைக்கு ஒரு பலகை நிற்கின்றது. இரண்டு தட்டிகளைக் கூரைபோற் சாய்த்து நிறுத்தியது ஒன்று. இரும்புச் சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டியது ஒன்று. இரவில் விளக்கெரியும் பெட்டி ஒன்று. இவற்றுக்கு ஒதுங்கி ஒதுங்கி நடப்பவன் இறுதியில் சாலையில் இறங்குகின்றான். இறங்கினால் பின்னே பேருந்து! சரி, வழியை மறித்த பலகை எதைத்தான் சொல்கின்றது என்று நிமிர்ந்து படித்தால், அங்கே தமிழைக் காணோம். காலுக்கு வழியில்லை, கண்ணுக்கு மொழியில்லை. ஒரே பலகை இரண்டு தீங்கையும் செய்கின்றது.

இவ் விரண்டு தீங்கிற்கும் மருந்து ஒன்றே. அது மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி ஆகிய உள்ளாட்சிகளின் கையில் இருக்கின்றது. அம் மருந்தைப் பலகை நின்ற பின்னர் அன்று, நிற்கு முன்னரே கொடுத்தல் வேண்டும். இன்றைய உரையின் பொருள் இதுவே.

முதற்கண் ஒன்றைத் தெளிவுபடுத்துதல் வேண்டும். சிறு வணிகர் தமிழுக்கும் பகைவர் அல்லர். நடப்பவர்க்கும் பகைவர் அல்லர். பெருமுதலாளிக்கு மாடி உயரத்தில் விளம்பரம் உண்டு. நாளிதழில் முழுப்பக்கம் உண்டு. சந்துக்குள் தையற்கடை வைத்திருப்பவருக்கு, முனையில் நிற்கும் ஒரு பலகைதான் வாய். அதையும் பிடுங்கிவிட்டால் அவர் கடை இருப்பதே ஊருக்குத் தெரியாது. விளம்பரம் செய்வது தமிழர்க்குப் புதிதும் அன்று. கள் விற்கும் மனைமுன் கொடி பறந்ததைப் பட்டினப்பாலை பாடுகின்றது, மதுரைக்காஞ்சியும் பாடுகின்றது. எண்ணிப் பாருங்கள்: அக் கொடி மேலே பறந்தது, மக்கள் கீழே நடந்தார்கள். விளம்பரம் கண்ணுக்கு எட்டியது, காலைத் தட்டவில்லை. அன்றைய வணிகர் அறிந்த அவ் வொழுங்கே இன்றும் வேண்டுவது.

நடைவழி யாருடையது? பம்பாய் நடைவழிவாழ் மக்கள் தொடுத்த வழக்கில், நடைவழி நடப்பவர்க்கென அமைந்த பொது உடைமை என்று 1985ஆம் ஆண்டில் உச்சநீதி மன்றம் உரைத்தது. தடையற்ற நடைவழி குறைந்தது 1.8 மீட்டர் அகலமும் 2.2 மீட்டர் உயரமும் உடையதாதல் வேண்டும் என்று இந்தியச் சாலைப் பேரவை 2012இல் வெளியிட்ட நெறிமுறை கூறிற்று. சக்கர நாற்காலியில் வருபவரும் எதிரே வருபவரும் இடிபடாமற் கடக்க அவ்வளவு இடம் வேண்டும். பார்வையற்றோர்க்கு வழிகாட்டப் புடைப்பு வரிகள் உள்ள மஞ்சள் ஓடுகளைப் பதிக்கின்றார்கள். அவ் வோட்டின்மேலேயே பலகையை நிறுத்தினால், ஊன்றுகோலை நம்பி வருபவர் என்ன செய்வார்? வழிகாட்டிய ஓடே அவரைப் பலகையில் மோத விடுகின்றது.

2019 செபுதம்பர் 12ஆம் நாள், சென்னைப் பள்ளிக்கரணையில் சாலை நடுத்திட்டில் இசைவின்றிக் கட்டிய விளம்பரத் தட்டி சரிந்து, இருசக்கர வண்டியில் சென்ற 23 அகவைப் பெண்ணின்மேல் வீழ்ந்தது. பின்வந்த தண்ணீர் வண்டி அவர்மேல் ஏறிற்று. அது கடைப்பலகை அன்று, கொண்டாட்டத் தட்டி. ஆயினும் அது கற்பித்த பாடம் எல்லாப் பலகைக்கும் பொருந்தும். கேளாமல் வைத்த ஒன்றை எவரும் அளந்து பார்ப்பதில்லை. எவரும் அளந்து பாராத ஒன்று என்று விழும் என்று எவருக்கும் தெரியாது.

பிற நாடுகளிலும் இவ் வழக்கு நடந்தது. சுகாத்துலாந்தின் தலைநகர் எடின்பரோவில், நடைவழியில் நிற்கும் விளம்பரப் பலகைகளை 2018 நவம்பரில் அந்நகர மன்றம் முற்றாகத் தடுத்தது. பார்வையற்றோரும் நடக்க இயலாதோரும் அதை வரவேற்றனர். சந்துக் கடைக்காரர் வருந்தினர். முற்றாகத் தடுத்தல் எளிது. ஆனால், எளியவர் வாயை அடைப்பது. கண்டுங் காணாதிருத்தல் அதனினும் எளிது. அது நடப்பவர் காலை ஒடிப்பது. இரண்டுக்கும் இடைப்பட்டதே முறையான இசைவு.

இனி, மொழிக்கு வருவோம். 1947ஆம் ஆண்டின் கடைகள் நிறுவனங்கள் சட்டத்தின்கீழ் அமைந்த 1948ஆம் ஆண்டு விதிகளில் பெயர்ப்பலகைக்கென்றே ஒரு விதி உண்டு. பெயர்ப்பலகை தமிழில் இருத்தல் வேண்டும்; பிறமொழி சேர்ப்பின் தமிழ் முதலிலும் முதன்மையாகவும் நிற்றல் வேண்டும். தமிழ், ஆங்கிலம், பிறமொழி ஆகியவற்றுக்கு ஐந்துக்கு மூன்றுக்கு இரண்டு என்னும் அளவையும் அரசு வகுத்துள்ளது. சட்டம் இருக்கின்றது, பலகையில் தமிழ் இல்லை. ஏன்?

காலம் தவறியதே பெருங்கரணியம். இச் சட்டத்தைக் காக்கும் பொறுப்பு தொழிலாளர் துறையினது. அத் துறை அலுவலர் வருவது பலகை எழுதி, வண்ணம் தீட்டி, பணம் கொடுத்து, மாட்டிய பின்னர். அப்போது மாற்றச் சொன்னால் வணிகர்க்கு அது இரட்டைச் செலவு. ஆகவே, ஒரு மூலையில் எறும்பளவில் நான்கு தமிழெழுத்தை ஒட்டித் தப்பித்துக்கொள்கின்றார். அதிலும், எழுத்துத்தான் தமிழ், சொல் ஆங்கிலம். 'மெடிக்கல்சு' என்றும் 'பேக்கரி' என்றும் தமிழெழுத்தில் எழுதிவிட்டால் தமிழ் ஆகிவிடுமா? வேட்டி கட்டியதனால் வெள்ளைக்காரன் தமிழன் ஆவானா?

பொது இடத்தில் விளம்பரப் பலகை வைப்போர் உள்ளாட்சியின் இசைவைப் பெறுதல் வேண்டும். அவ் விசைவு கேட்கும் நாளில் பலகை இன்னும் பிறக்கவில்லை; வண்ணம் தீட்டுபவர் தூரிகையை எடுக்கவில்லை. அன்று ஒரு சொல் சொன்னால் ஒரு காசும் வீணாகாது. எனவே ஒவ்வோர் உள்ளாட்சியும் செய்யத் தக்கவை இவை:

ஒன்று: இசைவு விண்ணப்பம் ஒரே தாளில், எளிய தமிழில் இருத்தல் வேண்டும். இடைத்தரகர் உதவியின்றி வணிகர் தாமே நிரப்ப இயலவேண்டும்.

இரண்டு: பலகையின் படியைத் தாளிலேயே எழுதிக் காட்டச் செய்து, தமிழ் முதலில் உரிய அளவில் உள்ளதா என்று பார்த்த பின்னரே முத்திரை இடுதல் வேண்டும்.

மூன்று: கடையின் எல்லைக்குள்ளேயோ சுவரிலேயோ மாட்டும் பலகைக்கு முதலிடம் தருக. சந்துக் கடைகளுக்கென முனையில் பொதுக் கம்பம் ஒன்றை உள்ளாட்சியே நட்டு, எல்லார் பெயரையும் வரிசையாக எழுதுக. நடைவழியில் நிறுத்துவதாயின் 1.8 மீட்டர் வழியை விட்டே நிறுத்துக. அவ்வளவு இடம் இல்லையேல் இசைவும் இல்லை.

நான்கு: கட்டணம் பலகையின் அளவுக்கேற்ப இருத்தல் வேண்டும். பெருநிறுவனத்தின் பெரும்பலகைக்கும் தையற்காரரின் சிறுபலகைக்கும் ஒரே தொகை அறமாகாது.

ஐந்து: சட்டம் எல்லார்க்கும் ஒன்றாதல் வேண்டும். ஏழைக் கடைக்காரரின் பலகையைச் சரக்குந்தில் அள்ளிச் செல்பவர்கள், கட்சித் தலைவரின் தட்டிக்கு முன் கைகட்டி நிற்பராயின், எந்த வணிகர் அவர்களை மதிப்பார்?

அன்பர்களே! அரசையும் மன்றத்தையும் குறைகூறிக் கலைந்து செல்வதற்காக இக்கூட்டம் கூடவில்லை. 1916இல் தனித்தமிழ் இயக்கம் தொடங்கிய மறைமலையடிகள் முதலில் மாற்றியது பிறர் பெயரையா? வேதாசலம் என்ற தம் பெயரையும், ஞானசாகரம் என்ற தம் இதழின் பெயரையும் மாற்றினார். உங்கள் இல்லத்திற்கும் நிறுவனத்திற்கும் உள்ள பெயர்ப்பலகையை இன்றிரவே நோக்குங்கள். பின்னர்க் கடைத்தெருவுக்குச் செல்லுங்கள். கையில் தார்ச்சட்டி வேண்டா. ஒரு பட்டியல் போதும். அடுமனை, மருந்தகம், துணியகம், இனிப்பகம், தேநீரகம், முடிதிருத்தகம், அச்சகம் என்று எழுதிக் கொடுங்கள். புதிதாகக் கடை திறப்பவரைத் தேடிச் சென்று நல்ல பெயர் சூட்டிக் கொடுங்கள். அவர் விரும்பினால் விண்ணப்பத்தையும் உடனிருந்து நிரப்பிக் கொடுங்கள். தமிழால் தமக்கு உதவி கிடைக்கின்றது என்று கண்ட வணிகர், தமிழை ஒருநாளும் மூலையில் ஒட்டமாட்டார்.

ஊரவைக் கூட்டத்திலும் நகர்ப்புற வட்டக் குழுவிலும் எழுந்து நின்று, இசைவுத் தாளில் இவ் விரு கேள்வியும் உண்டா என்று கேளுங்கள்: நடக்க வழி விட்டாரா? தமிழை முதலில் எழுதினாரா? கேட்பவர் ஒருவராயினும் ஏட்டில் பதிவாகும். பதின்மராயின் தீர்மானம் ஆகும். தமிழ்நாட்டுத் தெருவில் தமிழன் தலைநிமிர்ந்து, தமிழைப் படித்துக்கொண்டே, தடுக்கி விழாமல் நடக்கும் நாள் அன்று தொடங்கும்.

வாழ்க தமிழ்! வெல்க தமிழர்!