மறைந்த அறிவும் மலரும் மொழியும்

(சுருத பஞ்சமி விழாவில் ஆற்றிய உரை)



கரந்தையிலும் தீபங்குடியிலும் நாம் வழிபடும் ஆதிநாதர், தம் மகளிருள் பிராமிக்கு எழுத்தையும் சுந்தரிக்கு எண்ணையும் கற்பித்தார் என்பது நம் புராண மரபு. உலகிற்கு உழவும் தொழிலும் வகுத்த பெருமான், தம் குழந்தைகளை அருகில் அமர்த்தி எழுத்தறிவித்தார். இன்று ஏட்டிற்குப் பூசை செய்யும் நாம், ஏட்டை எட்ட இயலாமல் நிற்கும் குழந்தைகளையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். சிலர் பேசத் தாமதிக்கின்றனர். சிலருக்குச் சொல் தெளியவில்லை. சிலர் நன்கு பேசியும் படிக்கத் தடுமாறுகின்றனர்.

இவர்களைப் பற்றி நம் இல்லங்களில் இரண்டு சொற்களைக் கேட்கிறேன். ஒன்று, "அவன் அப்பாவும் நான்கு வயதில்தான் பேசினார்; தானாக வந்துவிடும்" என்பது. மற்றொன்று, "முன்வினை, நாம் என்ன செய்வது?" என்பது.

முதற் சொல்லுக்குக் காவிரிக்கரை உழவரே விடை கூறுவர். நாற்றைப் பறித்து நடுவதற்குப் பருவம் உண்டு. முற்றிய நாற்றை நட்டாலும் பயிர் பிழைக்கும்; ஆயினும் தூர் கட்டுவது குறையும். மொழிக்கு முதல் ஐந்தாண்டுகளே அத்தகைய பருவம். பத்து மாதத்திலும் மழலை ஒலி எழவில்லை, ஒன்றரை வயதிலும் ஒரு சொல்லும் வரவில்லை, இரண்டு வயதிலும் "அம்மா வா" என்பதுபோல் இரு சொற்களைச் சேர்க்கவில்லை என்றால் காத்திருத்தல் ஆகாது. முதலில் செவியைச் சோதித்தல் வேண்டும். பிறந்த சில நாட்களிலேயே அச்சோதனையைச் செய்ய இயலும். பருவம் கடந்த குழந்தைக்கும் பயிற்சி பயன் தரும். ஆதலின் எவரும் மனம் தளர வேண்டுவதில்லை.

இரண்டாம் சொல்லுக்கு நம் ஆகமமே விடை. ஞானாவரணீய வினை அறிவை மறைக்குமேயன்றி அழிப்பதில்லை. முகில் மறைத்தாலும் கதிரவன் உள்ளான். பேசாத குழந்தையின் உள்ளேயும் அறிவு நிறைந்துள்ளது. வினையை முயற்சியால் உதிர்க்கலாம் என்று கூறும் அறம், முயற்சியைக் கைவிடுவதற்குக் காரணமாதல் தகுமோ?

அம்முயற்சி எத்தகையது? ஒரு குழந்தை "காக்கா" என்பதைத் "தாத்தா" என்கிறது. வீட்டார் சிரித்து மகிழ்கின்றனர். பள்ளியிலோ பிற பிள்ளைகள் நகைக்க, அது வாய் திறப்பதையே விட்டுவிடுகிறது. ககரம் அடிநாவில் பிறப்பது. தகரம் நுனிநா பல்லின் அடியைப் பொருந்தப் பிறப்பது. நம் சமண முனிவர் பவணந்தியார் நன்னூலில் எழுத்துகளின் பிறப்பை இவ்வாறே வகுத்துள்ளார். பேச்சுப் பயிற்சியாளர் கண்ணாடி முன் குழந்தையை அமர்த்தி, நாவின் இடத்தை உணர்த்தி, விளையாட்டாகவே ஒலியைத் திருத்துகிறார். வாய்மொழி எளிதில் வாராத குழந்தைக்குச் சைகையும் படங்களும் மொழியாகின்றன. கருத்தைப் பிறர்க்கு உணர்த்துவதே நோக்கம்.

படிக்கத் தடுமாறும் குழந்தை சோம்பேறியும் அன்று, மூடனும் அன்று. "கொ" என்னும் எழுத்தைப் பாருங்கள். ககரத்திற்கு முன்னும் பின்னும் குறிகள் நிற்கின்றன. கண் முதலில் காண்பது ஒன்று, வாய் முதலில் ஒலிப்பது மற்றொன்று. ஒலியையும் குறியையும் இணைப்பதில் இடர்ப்படும் குழந்தைக்கு, "மரம்" என்பதை ம, ர, ம் எனக் கைதட்டிப் பிரிக்கவும், ஒலித்துக்கொண்டே மணலில் விரலால் எழுதவும் கற்பிக்கின்றனர். நம் திண்ணைப் பள்ளிகளில் மணலில் எழுதிப் பழகிய முறையே இங்குக் கைகொடுக்கிறது.

2013 முதல் நடைபெறும் தேசிய சிறார் நலத் திட்டத்தின்கீழ், மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்களில் இக்குழந்தைகளைப் பரிசோதித்துப் பயிற்சி அளிக்கின்றனர். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பேச்சு மொழிக் குறைபாட்டையும் கற்றல் குறைபாட்டையும் தன் 21 வகைகளுள் சேர்த்துள்ளது. ஆகவே உதவி கேட்பது இரத்தல் அன்று, உரிமை.

எனினும் வாரம் ஒருமுறை பயிற்சியாளர் தரும் அரைமணி மட்டும் போதாது. எஞ்சிய நேரமெல்லாம் வீட்டாருடையது. நீராட்டும்போதும் சோறூட்டும்போதும் குழந்தையின் முகம் பார்த்துப் பேசுங்கள். அது விடை கூறும் வரை பொறுத்திருங்கள். உறவினர் முன் ஒப்பிட்டுப் பேசாதீர்கள். கடுஞ்சொல்லும் இம்சையே.

ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் என்னும் நான்கு தானங்களை நாம் போற்றுகிறோம். பயிற்சிக்குச் செல்லும் ஏழைக் குழந்தையின் பேருந்துக் கட்டணத்தை ஏற்பவர் சாத்திர தானம் செய்கிறார். அக்குழந்தையின் அச்சத்தைப் போக்குபவர் அபய தானமும் செய்தவராகிறார். அடுத்த சுருத பஞ்சமியில், இன்று பின்வரிசையில் மௌனமாக அமர்ந்திருக்கும் ஒரு குழந்தை இம்மேடையேறி, தனக்கு இயன்ற ஒலியில் பஞ்ச நமஸ்காரம் கூறுமாயின், அதுவே நாம் ஏட்டிற்குச் செய்த மெய்யான பூசை.

அருகன் அறம் ஓங்குக!