திசு நெசவும் நமது கடமையும்

(நமது சங்க மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



உயிருள்ள தசையையும் உறுப்பையும் யந்திரத்தால் அச்சிட்டு நோயாளிக்குப் பொருத்த முயலும் புதிய சிகிச்சை முறையைப் பற்றி இன்று சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன். நெசவாளர் சபையில் இவ்விஷயம் எதற்கு என்று சிலர் ஐயுறலாம். தேகத்தின் தசை முதலியவற்றிற்கு வைத்தியர்கள் வழங்கும் 'திசு' என்னும் பெயர், நெய்யப்பட்டது என்று பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல்லின் வழியாக வந்ததாகும். தேகமே ஒரு நெசவென்று மேனாட்டாரும் கண்டனர். நெசவைப் பற்றி நம்மிடம் பேசாமல் வேறு யாரிடம் பேசுவது?

நமது தறியின் அச்சு, பாவிழைகளை வரிசை தப்பாமல் நிறுத்துகிறது. இப்புதிய யந்திரத்தின் அச்சு வேலை வேறு வகையானது. மனித உடலினின்று சிறிது திசுவை எடுத்து, அதிலுள்ள செல்களை ஆய்வுக்கூடத்தில் வளர்த்துப் பெருக்குகிறார்கள். கூழ் போன்ற ஒரு பசையில் அவற்றைக் கலந்தால் அதுவே மை. கணினி வகுத்த வரைபடத்தின்படி, ஊசிமுனையொன்று அம்மையைப் படலத்தின்மேல் படலமாக இட்டுச் செல்லும். செல்கள் ஒன்றையொன்று பற்றி உரம்பெறும் வரையில் பசை அவற்றைத் தாங்கி நிற்கும். பாவு அறாமலிருக்க நாம் கஞ்சி போடுகிறோம். நெய்து முடிந்தபின் துணியிலுள்ள கஞ்சி கழுவப்படுகிறது. இப்பசையின் தொழிலும் ஏறக்குறைய அதுவே. நோயாளியின் சொந்தச் செல்களாலேயே உறுப்பு அமையுமாயின், உடல் அதனை அயலென்று தள்ளாது என்பது விஞ்ஞானிகளின் நம்பிக்கை.

இதுவரை கைகூடியது யாது? அமெரிக்காவில் அந்தோணி அடாலா என்னும் மருத்துவர், நோயாளிகளின் செல்களைக் கொண்டே மூத்திரப்பை வளர்த்து அவர்களுக்குப் பொருத்தியதை 2006-ஆம் ஆண்டில் வெளியிட்டார். அஃது அச்சிட்டதன்று, சாரத்தின்மேல் கையால் செல்களை இட்டு வளர்த்தது. 2015-இல் பெங்களூரின் பண்டோரம் நிறுவனத்தார் கல்லீரல் திசுவை அச்சிட்டனர். அது ஆராய்ச்சிக்கு உதவும் சிறு துண்டேயன்றி முழு உறுப்பன்று. 2022-இல் அமெரிக்காவில், பிறவியிலேயே காது வளராத ஒரு பெண்ணுக்கு, அவளது செல்களால் அச்சிட்ட காது பொருத்தப்பட்டது. அதே ஆண்டில் ஐதராபாத்தில் எல்.வி. பிரசாத் கண் மருத்துவ நிலையத்தாரும், அவ்வூர் ஐ.ஐ.டி.யாரும், செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தாரும் சேர்ந்து, கருவிழியின் முன்படலத்தை அச்சிட்டு முயலின் கண்ணில் பொருத்தினர். நம் தேசத்தாரின் இச்சாதனை போற்றத்தக்கது.

கண்ணும் காதும் முன்வந்த காரணத்தை நோக்குங்கள். கண்ணின் அம்முன்படலத்திலும் காதின் குருத்தெலும்பிலும் இரத்தக் குழாய்கள் இல்லை. மற்ற உறுப்புகளிலோ, நுண்ணிய இரத்தக் குழாய்க்கு ஏறக்குறைய 0.2 மில்லிமீட்டருக்கு அப்பாலுள்ள செல் பிராணவாயு பெறாது மடியும். சிறுநீரகம் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 10 லட்சம் நுண்வடிகள் உள்ளன. அவ்வளவிற்கும் குழாய் பின்னும் வித்தை இன்னும் மனிதனுக்கு வசப்படவில்லை. அச்சிட்ட சிறுநீரகத்தால் இன்று எவரும் உயிர் வாழவில்லை.

இதனை யான் அழுத்திச் சொல்வதற்குக் காரணமுண்டு. யந்திரம் நெய்து தராத உறுப்பை மனிதனிடமிருந்தே பெறவேண்டியிருக்கிறது. அத்தேவையைச் சிலர் வியாபாரமாக்கினர்; அவ்வியாபாரம் நமது தறிப்பட்டறையின் வாயிலுக்கே வந்துவிட்டது. 2025-ஆம் ஆண்டு ஜூலையில், நாமக்கல் ஜில்லாப் பள்ளிபாளையத்தில் விசைத்தறித் தொழிலாளரின் சிறுநீரகங்களைத் தரகர்கள் விலைபேசி வாங்கிய செய்தி வெளிப்பட்டது. அரசாங்கம் விசாரணை நடத்திற்று. ஆகஸ்டு மாதத்தில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சிறப்புப் புலனாய்வுக் குழுவொன்றை அமைக்க உத்தரவிட்டது. காவிரிக் கரையில் ஊராருக்கெல்லாம் மானம் மறைக்க ஆடை நெய்தவன், கடனை அடைக்கத் தன் உடலை அறுத்துக் கொடுத்தான். இதனினும் நமக்கு வெட்கம் வேறுண்டோ?

1994-ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டப்படி உறுப்பு விற்பனை குற்றமாகும். 2011-இல் திருத்தப்பட்ட பின்னர், அதற்குத் தண்டனை 5 முதல் 10 ஆண்டு வரை சிறைவாசமும், 20 லட்சம் முதல் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும். பணம் கொடுப்பவன், தரகன் ஆகியோரோடு பணம் பெறுபவனும் இச்சட்டத்திற்கு உட்பட்டவனே. ஆகவே, 'அன்பினால் தருகிறேன் என்று சொல்' எனக் கற்பிக்கும் தரகன், ஏழையைச் சிறைக்கும் சேர்த்தே அழைக்கிறான். தாய் மகனுக்கும், மனைவி கணவனுக்கும் மனமுவந்து தருவது வேறு. அது சட்டம் அனுமதித்த தர்மம்.

தொழிலாளி இக்கதிக்கு ஏன் வந்தான்? தறி முதலாளியிடம் வாங்கிய முன்பணம், வாரந்தோறும் வாசலில் நிற்கும் சிறுகடன் வசூல்காரர், மகளின் கல்யாணம், வைத்தியச் செலவு. இச்சபையில் தறி முதலாளிகளும் வீற்றிருக்கிறார்கள். அவர்கள் என்னைக் கோபித்தாலும் சொல்லுவேன்: முன்பணத்தைக் காட்டி ஒருவனைத் தறியோடு கட்டிவைத்தல், அவனைத் தரகனின் கையில் தள்ளுவதற்குச் சமானமாகும்.

நாம் செய்யத்தக்கவை மூன்று. முதலாவது, சங்க நிதியில் ஒரு பகுதியை ஒதுக்கி, நெருக்கடியில் தவிக்கும் தறித்தொழிலாளிக்கு வட்டியின்றிக் கடன் கொடுத்தல். கேட்பவன் நம் குலத்தானா என்று வினவ வேண்டா. ஒரே பட்டறையில் நிற்பவர் அனைவரும் உறவினரே. இரண்டாவது, சிறுநீரகம் கெடுவதற்கு முக்கிய காரணங்களாகிய நீரிழிவையும் இரத்தக் கொதிப்பையும் காலத்திற் கண்டறிதல். 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டுக்கே வருகிறது, அதனைத் தட்டாதீர்கள். மூன்றாவது, மூளைச்சாவு எய்தியோரின் உறுப்புகளைக் குடும்பத்தார் இசைந்து தானஞ் செய்தல். அத்தகையோரின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடைபெறும் என 2023-இல் தமிழ்நாட்டு அரசாங்கம் அறிவித்தது. உறுப்புத் தானம் பெருகப் பெருக, தரகனுக்கு வேலை குறையும்.

சிறுநீரகம் நெய்யும் யந்திரம் ஒருநாள் வரும். நம் பிள்ளைகள் அக்கலையைக் கற்று, ஆய்வுக்கூடங்களில் அமர்ந்து அதனை நெய்யவும் கூடும். அந்நாள் வரும்வரை, இராசிபுரம் முதல் பள்ளிபாளையம் வரை எந்தத் தறிவீட்டிலும் கடனுக்காக ஓர் உடலும் அறுபடலாகாது. இதற்கான தீர்மானத்தை இக்கூட்டத்திலேயே நிறைவேற்றும்படி வேண்டி, என் சிற்றுரையை முடித்துக்கொள்கிறேன்.