‘மாட்டேன்’ என்ற சொல்லுக்கு ஒரு துணை

(சங்கத்தின் மகளிர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



காலையில் நாலு வீட்டுப் பாத்திரம் தேய்த்துவிட்டு வந்தவர்களும், தையல் கூடத்தில் பிசிறு வெட்டிவிட்டு வந்தவர்களும் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆகையால் நீட்டி முழக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

மும்பைக்கு வந்த நம் பெண்கள் முதலில் கற்றுக்கொள்ளும் இந்திச் சொல் எது? ‘ஹாஞ்சி’. ‘நஹீ’ என்ற சொல் நமக்குத் தெரியாததல்ல. வாயில் வருவதில்லை. அதற்குப் பதிலாகச் சாக்குச் சொல்கிறோம். “விருந்தாளி வருகிறார்கள், ராத்திரி ஒன்பது மணி வரை இரு” என்று வீட்டுக்காரம்மா சொன்னால், “பிள்ளைக்குக் காய்ச்சல்” என்கிறோம். பிள்ளையின் காய்ச்சல் எத்தனை நாள் இருக்கும்? சாக்குத் தீர்ந்த அன்று ஒன்பது மணி வரை நின்றுதான் ஆகவேண்டும். தமிழில் ‘முடியாது’ என்பது வேறு, ‘மாட்டேன்’ என்பது வேறு. முன்னது இயலாமை, பின்னது தீர்மானம். நான் பேச வந்தது தீர்மானத்தைப் பற்றி.

நம் பெண்களுக்குத் தைரியம் இல்லை என்று சிலர் சொல்கிறார்கள். அதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். முன்பின் தெரியாத ஊருக்கு, பாஷை தெரியாமல், கைக்குழந்தையோடு ரயிலேறி வந்தவர்களுக்கா தைரியம் இல்லை? தனியாக மறுத்தால் வேலை போகும், வாடகை நிற்கும், சீட்டுப் பணம் தவறும். அந்தக் கணக்குத் தெரிந்துதான் வாயை மூடிக்கொள்கிறோம்.

நான் ரயில்வேயில் குமாஸ்தா. எங்கள் அலுவலகச் சுவரில் டியூட்டிப் பட்டியல் தொங்குகிறது. எத்தனை மணிக்கு வரவேண்டும், எப்போது போகலாம், வார ஓய்வு எந்த நாள், எல்லாம் அதில் இருக்கிறது. அதை மீறி ஒருவர் கேட்டால் நான் வீராங்கனையாக வேண்டியதில்லை. பட்டியலைக் காட்டினால் போதும். அதற்கும் மேலே போனால் யூனியன் இருக்கிறது. என்னுடைய ‘மாட்டேன்’ என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு காகிதமும் நாலு பேரும் நிற்கிறார்கள். உங்கள் சொல்லுக்குப் பின்னால் இரண்டும் இல்லை. அந்த இரண்டையும் நாம்தான் உண்டாக்கவேண்டும்.

முதலில் காகிதம். வேலைக்குச் சேரும் அன்றே என்ன வேலை, எத்தனை மணி, என்ன சம்பளம், மாதம் எத்தனை நாள் லீவு, கூடுதல் வேலைக்கு என்ன கூலி என்று பேசி ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். எழுதத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை எழுதட்டும். இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவார்கள் என்பது பழமொழி. பாத்திரம் மட்டும் என்று சேர்ந்த வீட்டில் இன்று ஒரு படுக்கை விரிப்பு வரும், நாளை இரண்டு திரைச்சீலை வரும், அடுத்த மாதம் வீட்டுத் துணி முழுதும் வரும். முதல் விரிப்பு வரும்போதே, “செய்கிறேன், அதற்குத் தனிக் கூலி” என்று சொல்லுங்கள். மூன்றாம் மாதம் சண்டை போடுவதைவிட அது சுலபம்.

அடுத்தது நாலு பேர். மனம் நோகாமல் கேளுங்கள். ஒருத்தி மறுத்து வெளியே வந்த வீட்டுக்கு, ஐந்நூறு ரூபாய் குறைத்துக்கொண்டு மறுநாள் போய் நிற்பவள் யார்? வேற்று ஜாதியா, வேற்றுப் பாஷைக்காரியா? பெரும்பாலும் நம் சந்தைச் சேர்ந்தவளே. முதலாளியின் பலத்தில் பாதி அதுதான். ஒரே கட்டடத்தில் வேலை செய்பவர்கள், தமிழரோ மராத்தியரோ வங்காளிகளோ, ஒன்றாக உட்கார்ந்து, “இன்ன வேலைக்கு இன்ன கூலி, மாதம் இத்தனை நாள் லீவு, ஒருத்தி நியாயமாக மறுத்த வீட்டுக்கு இன்னொருத்தி போவதில்லை” என்று பேசி வைத்துக்கொண்டால், தனி ஆளின் மறுப்பு கட்டடத்தின் விதியாகிவிடும்.

இது நடக்கிற காரியமா என்று கேட்பீர்கள். 1980இல் புனேயில் வீட்டு வேலை செய்யும் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதிலிருந்து அவர்களுக்கென்று சங்கமே பிறந்தது. 2015 செப்டம்பரில் மூணாறு தேயிலைத் தோட்டத்து நம் தமிழ்ப் பெண்கள் என்ன செய்தார்கள்? போனஸை 10 சதவீதமாகக் குறைத்தபோது ஆயிரக்கணக்கில் சாலையில் உட்கார்ந்தார்கள். தங்களைக் கேளாமல் பேரம் பேசும் தலைவர்களையும் ஒதுக்கி வைத்தார்கள். ஒன்பது நாளில் போனஸும் கருணைத் தொகையுமாக 20 சதவீதம் கிடைத்தது. அவர்கள் படித்தவர்கள் அல்லர். கொழுந்து பறிக்கும் கூலிகள்.

இனி, கூசாமல் பேசவேண்டிய விஷயம். கை நீளும் மேஸ்திரி, தனியாக இருக்கும்போது கூப்பிடும் வீட்டு எஜமான். இங்கே நம் ‘மாட்டேன்’ என்ற சொல்லுக்குச் சட்டமே துணை. 1992இல் ராஜஸ்தானில் குழந்தைக் கல்யாணத்தைத் தடுக்கும் பணியில் இருந்த பன்வாரி தேவி என்ற ஏழைப் பெண் கொடுமைக்கு ஆளானார். அதையொட்டி எழுந்த வழக்கில் 1997இல் சுப்ரீம் கோர்ட் விதிமுறை வகுத்தது. 2013இல் சட்டம் வந்தது. வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்கும் அந்தச் சட்டம் உண்டு. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் புகார்க் குழு இருக்கவேண்டும். பத்துப் பேருக்குக் குறைந்த இடமானாலும், வீடானாலும், முதலாளி மீதே புகார் என்றாலும் மாவட்டத்தில் உள்ள குழுவிடம் போகலாம். மூன்று மாதத்துக்குள் புகார் தரவேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டித் தருவார்கள். எழுத முடியாதவளுக்கு எழுதிக் கொடுக்க உதவுவது குழுவின் கடமை. நடந்த நாள், நேரம், சொன்ன சொல், பக்கத்தில் இருந்தவர் பெயர், இவற்றை அன்றே குறித்து வையுங்கள்.

பின்வரிசைத் தோழர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. அவள் வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னால், “நீ ஏன் சிரித்தாய்?” என்று கேட்காதீர்கள். “நாளையிலிருந்து வேலைக்குப் போகாதே” என்றும் கட்டளை போடாதீர்கள். அந்தப் பயத்தில்தான் பலர் சொல்லாமலே விழுங்குகிறார்கள். “புகார் கொடுக்கலாம், நான் கூட வருகிறேன்” என்று சொல்லுங்கள். அவளுடைய முதல் சங்கம் வீடுதான்.

இதையெல்லாம் செய்தால் யாருக்கும் வேலை போகாது என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். சில பேருக்குப் போகும். அப்படிப் போனால் அவளுக்கு வேறு வீடு பார்த்துக் கொடுப்பதும், அதுவரை அவள் சீட்டுத் தவணையைப் பங்கிட்டுக் கட்டுவதும் மற்றவர்கள் பொறுப்பு. அந்தப் பொறுப்பை ஏற்காமல் அவளை மட்டும் தைரியமாக இரு என்று சொல்வது நியாயமாகாது.

வரும் ஞாயிற்றுக்கிழமை கட்டடத்துக்கு ஒரு பட்டியல் எழுதிக்கொண்டு வாருங்கள். ஒரு பிரதி சங்கத்தில் இருக்கட்டும்.