ஒரே ஆள், இரண்டு எண்
(ஜூரோங் உறுப்பினர் கூட்டத்தில் தோட்டக் கிராணி ஒருவர் ஆற்றிய உரை)



இந்த ஜூரோங்கிலும் ஒரு காலத்தில் ரப்பர் மரங்கள் நின்றன. 1961-இல் தொழிற்பேட்டை வேலை தொடங்கியது. மரம் போய் ஆலை வந்தது. இன்று ஜொகூர்த் தோட்டங்களில் பிறந்த நம் பிள்ளைகள் பாலம் கடந்து வந்து இங்கே உழைக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்கு நேர்ந்ததைச் சொல்லவே நாம் எழுந்து நிற்கிறோம்.

அந்தத் தம்பி எட்டு ஆண்டுகளாக இங்குள்ள ஆலையில் வேலை செய்பவர். சிங்கப்பூர் வங்கி அட்டைக் கடனை ஒரு மாதமும் தவறாமல் கட்டியவர். இங்கே எடுத்துப் பார்த்த கடன் அறிக்கையில் அவருக்கு நல்ல தரம். அதை நம்பி ஜொகூரில் கார் வாங்க முன்பணம் கொடுத்து, கடனுக்கு மனுப் போட்டார். அங்கே எண் தாழ்வாக இருந்தது, மனு தள்ளப்பட்டது. "அண்ணே, நான் நாணயம் கெட்டவனா?" என்று நம்மிடம் வந்து கேட்டார்.

இல்லை தம்பி, இல்லை! காரணத்தை எல்லோரும் கேளுங்கள்.

தோட்டத்தில் செக்ரோலில் ஒரு கணக்கு, பால் ஸ்டோரில் இன்னொரு கணக்கு. மாதம் முழுதும் பெரட்டுக்கு வந்தவரின் பால் கணக்கு, மழை மாதத்தில் குறைந்து நிற்கும். இரண்டு புத்தகமும் பொய் சொல்லவில்லை. ஆனால் எந்தப் புத்தகமும் முழு மனிதனைச் சொல்வதில்லை. கடன் எண்ணும் அப்படித்தான்.

முதலாவது, அளவுகோல் வேறு. 2002-இல் தொடங்கிய கிரெடிட் பியூரோ சிங்கப்பூர் 1000 முதல் 2000 வரை எண் போடுகிறது. மலேசியாவின் சிடிஓஎஸ் 300 முதல் 850 வரை போடுகிறது. அமெரிக்காவிலோ ஃபைக்கோ நிறுவனம் பொதுக் கடனுக்கு 300 முதல் 850 என்றும், கார்க் கடனுக்கென்றே 250 முதல் 900 என்றும் தனித்தனியாகக் கணக்கிடுகிறது. காத்தியையும் கிலோவையும் ஒன்றாக வைத்து ஒப்பிடலாமா?

இரண்டாவது, பேரேடு வேறு. சிங்கப்பூரில் ஒழுங்காகக் கட்டிய பணம் மலேசியாவின் பேங்க் நெகாரா வைத்திருக்கும் சிசிரிஸ் பதிவில் ஏறாது. 2015 முதல் பிடிபிடிஎன் கல்விக்கடன் பாக்கி அதில் ஏறுகிறது. நம் தம்பிக்கு அங்கே தெரிந்தது அந்தப் பழைய பாக்கி ஒன்றுதான். கடனே வாங்காதவருக்கோ எண்ணே இல்லாமலும் போகலாம்.

மூன்றாவது, நாள் வேறு. தவணை கட்டுவதும் தவறுவதும் மாதந்தோறும் பதிவாகின்றன. ஒரே வாரத்தில் நான்கு கடைகளில் மனுவில் கையெழுத்துப் போட்டால், "இவருக்கு இவ்வளவு அவசரமா?" என்று எண் இறங்கக்கூடும்.

நான்காவது, கடன் கொடுப்பவரின் சொந்த நிறுவை. சம்பளம், வேலை, மற்றக் கடன்கள் எல்லாம் பார்த்தே முடிவு செய்கிறார். சிங்கப்பூரில் சட்ட வரம்பும் உண்டு. 2016 விதிப்படி, காரின் திறந்த சந்தை மதிப்பு 20,000 வெள்ளிக்கு உட்பட்டால் கொள்முதல் விலையில் 70 விழுக்காடு, மேற்பட்டால் 60 விழுக்காடு, தவணை 7 ஆண்டு. அதற்கு மேல் கிடையாது. எண் எவ்வளவு உயர்ந்தாலும் இந்த வரம்பு நகராது.

ஆகவே தோழர்களே, முன்பணம் கொடுக்குமுன் உங்கள் அறிக்கையைப் பாருங்கள். கார் எந்த நாட்டிலோ அந்த நாட்டு அறிக்கையைப் பாருங்கள். சிசிரிஸ் அறிக்கை இலவசம். சிங்கப்பூரில் மனுவின் முடிவு தெரிந்த 30 நாளுக்குள் கேட்டால் இலவசம். தவறிருந்தால் எழுத்து மூலம் திருத்தக் கேளுங்கள். பாக்கியிருந்தால் தவணை பேசித் தீருங்கள். பணம் வாங்கிக்கொண்டு எண்ணை உயர்த்துகிறேன் என்பவனிடம் ஜாக்கிரதையாக இருங்கள்!

நம் தம்பி இப்போது கல்விக்கடனைத் தவணையாகக் கட்டி வருகிறார். கார் இன்னும் வரவில்லை, தலை நிமிர்ந்துவிட்டது.

செக்ரோலில் பெயர் விட்டுப்போனால் அன்றே கிராணியிடம் வந்து கேட்கிறீர்கள். கேட்பது உங்கள் உரிமை. இந்தப் பேரேட்டையும் அப்படியே கேளுங்கள்.