விதியா? 96 பவுண்டா?



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயமானது அமெரிக்காவில் 1996-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 11-ந் தேதி காலையில் நடந்த ஒரு ஆகாய விமான விபத்தைப் பற்றியதாகும். வயோமிங் மாகாணத்து ஷையென் நகரத்தில் ஒரு சிறிய செஸ்னா விமானம் தரையைவிட்டுக் கிளம்பிய சிறிது நேரத்திற்குள்ளாகவே, விமான நிலையத்திற்குப் பக்கத்தில் ஜனங்கள் குடியிருக்கும் வீதியில் விழுந்து நொறுங்கிப்போய்விட்டது. அதிலிருந்த மூன்று பேரும் மாண்டார்கள். ஒருத்தி ஜெசிக்கா டுப்ராஃப் என்கின்ற 7 வயதுக் குழந்தை. மற்றவர்கள் அவளுடைய தகப்பனாரும், அவளுக்கு விமானம் ஓட்டக் கற்றுக்கொடுத்த ஆசிரியருமாவார்கள்.

இம்மாதிரி சேதி கேட்டால் நம்மவர்கள் “ஐயோ பாவம், அதுக்கு அவ்வளவுதான் ஆயுசு” என்று ஒரு பெருமூச்சோடு தீர்த்துவிடுவார்கள். அப்படித் தீர்த்துவிட்டால் பிறகு யோசிக்க வேண்டிய தொந்தரவு இல்லை பாருங்கள்! ஆனால் அந்நாட்டில் இதை விசாரித்த போக்குவரத்துப் பாதுகாப்பு போர்டார் ஆயுசைக் கணக்குப் பார்க்கவில்லை. விமானத்தின் பாரத்தையும், ஊரின் உயரத்தையும், அன்றையக் காற்று மழையையுமே கணக்குப் பார்த்தார்கள். அந்தக் கணக்கைத்தான் நாமும் பார்க்கவேண்டும் என்கின்றோம்.

இந்தப் பிரயாணம் எதற்காக என்பதை முதலில் சொல்லிவிடுகின்றோம். அமெரிக்காவை மேற்குக் கரையிலிருந்து கிழக்குக் கரைவரை விமானம் ஓட்டிக் கடந்தவர்களில் மிகச் சிறிய வயதுடையவள் என்கின்ற பெயர் அக்குழந்தைக்கு வரவேண்டுமாம். போக வர எல்லாம் சேர்த்து 8 நாளில் முடிக்கவேண்டுமாம். வேடிக்கை என்னவென்றால், கின்னஸ் புத்தகக்காரர்கள் இளம் வயது விமானி என்கின்ற வரிசையையே அதற்குச் சில வருஷங்களுக்கு முன் எடுத்துவிட்டார்கள். அதாவது இல்லாத பட்டத்திற்கு ஒரு ஓட்டப்பந்தயம்! அந்நாட்டுச் சட்டப்படி 16 வயதாகாதவர் விமானத்தைத் தனியே ஓட்டக்கூடாது. ஆகவே சட்டத்தின் கண்ணுக்கு ஜெசிக்கா ஒரு பிரயாணிதான், விமானி ஆசிரியர்தான். கண்ணாடிக்கு வெளியே தெரிவதற்காக அவளுக்கு அடியில் ஒரு மெத்தையும், கால் எட்டுவதற்காக மிதிகளில் நீட்டுக் கட்டைகளும் வைக்க வேண்டியதாயிருந்தது.

முதல் நாள் காலையில் இவர்கள் கிளம்பியது கலிபோர்னியாவில் ஹாஃப் மூன் பே என்கின்ற கடற்கரை ஊரிலிருந்து. மறுநாள் கிளம்பியதோ 6,156 அடி உயரத்திலுள்ள ஷையெனிலிருந்து. நம் குன்னூர் ஏறக்குறைய அவ்வளவு உயரந்தான். உயரம் ஏற ஏறக் காற்று இளைத்துப் போகின்றது. காற்று இளைத்தால் இஞ்சினுக்குப் பலம் குறையும். முன்னால் சுழலுகின்ற விசிறிக்குப் பிடிமானம் குறையும். இறக்கையைத் தூக்கிக் கொடுப்பதற்கும் ஆளில்லை என்று ஆகிவிடும். கடற்கரையில் சுளுவாய் ஏறுகின்ற அதே விமானம் மலை மேல் திணறும். ஆசிரியருக்குப் பழக்கம் பெரும்பாலும் கடற்கரைக் காற்றிலே.

இதற்குமேல் பாரம். அந்த விமானம் கிளம்பும்போது தாங்கக்கூடிய முழு எடை 2,500 பவுண்டு. அன்று அதில் 96 பவுண்டு அதிகமாயிருந்தது. 96 பவுண்டு என்பது 25 கிலோ அரிசி மூட்டை இரண்டுகூட ஆகாது. “இது ஒரு பிரமாதமா?” என்று மாட்டு வண்டிக்காரன் கேட்கலாம். ஏனெனில் வண்டியில் பாரம் மிஞ்சினால் மாடு நின்றுவிடும். ஆகாயத்தில் நிற்க முடியுமா?

அன்று காலையில் மழையும் இடியும் ஊரை நெருங்கிக்கொண்டிருந்தன. சற்று முன் கிளம்பிப்போன வேறொரு விமானம், காற்று தாறுமாறாய் மாறி அடிக்கின்றது என்று தகவல் கொடுத்தது. சாதாரண முறையில் பறப்பதற்குப் பார்வை போதாது என்று நிலையத்தார் சொன்னபோது, ஆசிரியர் விசேஷ அனுமதி கேட்டு வாங்கிக்கொண்டு கிளம்பினார். மழைக்குள் ஏறி வலப்புறமாய்த் திரும்பும்போது வேகம் போதவில்லை. வேகம் ஒரு அளவுக்குக் கீழே போனால் இறக்கை விமானத்தைத் தாங்குவதை விட்டுவிடும். திரும்புகின்ற சமயத்திலோ நேரே போவதைவிட அதிக வேகம் வேண்டும். தாங்கல் விட்டது, விழுந்தது. மறுபடி நிமிர்த்துவதற்குக் கீழே உயரம் இல்லை.

ஒரு மணி நேரம் பொறுத்திருந்தால் என்ன நஷ்டம்? மழை போயிருக்கும். ஆனால் பொறுக்க முடியாதபடி ஊருக்கு ஊர் பத்திரிகைக்காரர்களும் டெலிவிஷன்காரர்களும் காத்திருந்தார்கள். விமானத்திற்குள் படம் பிடித்துவர ஏபிசி டெலிவிஷன் கம்பெனியார் காமிராவே கொடுத்தனுப்பியிருந்தார்கள். முடியாத திட்டத்தை எப்படியாவது நிறைவேற்றவேண்டும் என்கின்ற ஆசையும், அந்த ஆசைக்கு ஒரு பங்கு காரணமாயிருந்த இந்தப் பத்திரிகை ஏற்பாடுகளும் விபத்துக்கு உதவிய காரணம் என்று விசாரணை போர்டாரே எழுதிவைத்திருக்கின்றார்கள்.

“குழந்தையின் சுதந்திரத்தைத் தடுக்கலாமா? அவளே ஆசைப்பட்டாளே” என்று சிலர் கேட்கலாம். சுதந்திரத்திற்கு நாம் விரோதிகளல்ல. ஆனால் 7 வயதுக் குழந்தைக்குப் பாரக் கணக்குத் தெரியுமா? காற்றின் கனம் தெரியுமா? “இன்றைக்கு வேண்டாம்” என்று இரண்டு பெரியவர்களை எதிர்த்துச் சொல்லத் துணிவு வருமா? வேண்டாம் என்று சொல்ல முடியாதவளிடம் வாங்கிய சம்மதத்திற்குச் சுதந்திரம் என்று பெயர் வைப்பது யோக்கியமாகுமா? நமக்குத் தெரிந்தவரை அதற்குப் பெயர் விளம்பரம். முதல் நாள் “வீரக் குழந்தை” என்று படம் போட்டவர்களே மறுநாள் “பெற்றவர்கள் இதற்கு எப்படிச் சம்மதித்தார்கள்?” என்று கண்ணீர் விட்டதும் அதே விளம்பரத்தைச் சேர்ந்ததுதான்.

அந்த வருஷம் அக்டோபரிலேயே அந்நாட்டார் சட்டம் செய்துவிட்டார்கள். சாதனைக்காகவென்று லைசென்சு இல்லாதவர் கையில் விமானத்தை ஓட்டக் கொடுக்கும் விமானியின் லைசென்சு அதன்படி ரத்தாகிவிடும். காமிரா கொடுப்பவர்களைப் பற்றி அதில் ஒன்றுமில்லை.